பின்னால் வைத்த அரை அடி

நாஹா
19 ஏப்ரல் 1987

அன்புள்ள இகுயோ,

கப்பலில் பதினான்கு மணி நேரம். அதில் பத்து மணி நேரம் நான் ஒரு வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தேன். கரையிலிருந்து கிரேன் கூண்டில் தூக்கி எங்களைக் கப்பலில் இறக்கினார்களே, அப்போது நீ கீழே நின்று கையாட்டியதைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. கம்பிக்கு நடுவே உன் தலை தெரிந்தது, அடுத்து கடல் தெரிந்தது, அவ்வளவுதான். பதினைந்து வயதானால் மேல்நிலைப் பள்ளிக்காக எல்லாரும் அந்தக் கூண்டில் ஏறித்தான் ஆக வேண்டும் என்று தெரிந்துதான் வளர்ந்தோம். ஆனால் எப்போது நினைத்துப் பார்த்தாலும் கூண்டுக்குள் நாம் இரண்டு பேராக இருப்போம். நான் மட்டும் இருப்பதாக ஒருநாளும் நினைத்ததில்லை.

சின்னம்மா நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறாள். பள்ளியில் என் வகுப்பில் மட்டும் நாற்பத்திரண்டு பேர். நம் தீவுப் பள்ளியில் எல்லா வகுப்பையும் சேர்த்தாலும் அத்தனை தலை தேறாது.

நம் நகந்தகாரி மாஸ்டர் எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டியதும் இங்கே கராத்தே பயிற்சிக்கூடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். நீள நீளமாக மரத்தரை. ஒரு முனையிலிருந்து கூப்பிட்டால் மறுமுனையில் கேட்காது போல. பழுப்பு பெல்ட்டில் மட்டும் என்னோடு சேர்த்து ஒன்பது பெண்கள். முதல் நாளே எனக்கு நண்டு என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஏன் என்று கேட்காதே, நகரத்துப் பெண்களுக்குச் சிரிக்க ஏதாவது வேண்டும்.

கறுப்பு பெல்ட் தேர்வு நவம்பரில் ஒன்று, மார்ச்சில் ஒன்று. கட்டாவை, குத்து தடுப்பு எதுவும் வரிசை மாறாமல், தனியாகச் செய்து காட்ட வேண்டும், பிறகு ஜோடிப் பயிற்சி. "உன் ஜோடி யாரு?" என்று கேட்டார்கள். "தீவுல இருக்கா. மார்ச்ல வருவா. அதுவரைக்கும் நான் காத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டேன். நீ வந்துவிடுவாய் அல்லவா? உன் அப்பாவின் கை எப்படி இருக்கிறது?

உன் சனாயே


தீவு
10 மே 1987

சனாயே,

"அன்புள்ள" எல்லாம் எதற்கு? ஆறு வயதிலிருந்து உன்னை உதைத்து வருகிறேன், மறந்துவிட்டதா? கடை ஃபோனில் பேசலாம் என்றால், நான் பேசுவது முழுவதையும் கேட்டுவிட்டுக் கடைக்காரியே உனக்குப் பதில் சொல்வாள். அதனால் கடிதம்தான்.

அப்பாவின் கையைக் கட்டுப் பிரித்துப் பார்த்தார்கள். எலும்பு கூடிவிட்டது. விரல்கள் மடங்கவில்லை. கரும்பு வண்டி ஒரு நிமிடம் கையின் மேல் நின்றதற்கு இவ்வளவு. "பொறுங்க, பொறுங்க" என்கிறார் மருத்துவர். அப்பா இடது கையால் சாப்பிடப் பழகுகிறார். மேசையில் பாதி, வாயில் பாதி. தம்பி சிரித்தான், அம்மா அவனை ஒன்று போட்டாள், பிறகு அவளும் சிரித்துவிட்டாள். ஒரே ஒரு வருடம், சனாயே. இந்த வருடக் கரும்பை வெட்டி முடித்துவிட்டு அடுத்த ஏப்ரலில் நான் வருகிறேன்.

நீ போன பிறகு பெரியவர்கள் வகுப்பில் நான் மட்டும்தான். மற்றதெல்லாம் மூக்கு ஒழுகும் வகையறா. துணி காயப்போடும் கம்பத்தில் அரிசிச் சாக்கைச் சுற்றி வைத்து அதோடுதான் ஜோடிப் பயிற்சி. அதற்கும் சனாயே என்றுதான் பெயர். நீ தேவலையா அது தேவலையா என்று கேட்டால், அது வாயாடாது.

ஆனால் திருப்பி அடிக்க மாட்டேன் என்கிறது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இகுயோ


நாஹா
28 ஜூன் 1987

இகுயோ,

சாக்குக்கு என் பெயர் வைத்ததற்கு நன்றி. இங்கே மயுமி என்று ஒருத்தியோடு என்னை நிறுத்தியிருக்கிறார்கள். நல்லவள்தான். ஆனால் குத்துவதற்கு முன்னால் மூச்சு இழுப்பதே இல்லை. நீ குத்தப் போகிறாய் என்றால் உன் மூக்கு முதலில் விடைக்கும், அதைப் பார்த்துத்தான் நான் ஒன்பது வருடமாகத் தடுத்தேன் என்பது இப்போதுதான் தெரிகிறது. மயுமியிடம் அடி வாங்கி வாங்கி முன்கை முழுவதும் நீலம்.

பேருந்தில் போகும்போது சில சமயம் உன்னிடம் ஏதோ சொல்லத் திரும்புகிறேன். பக்கத்தில் யாராவது அலுவலகத்துக்காரர் தூங்கிக்கொண்டிருப்பார். ஒருமுறை "டீ" என்றே கூப்பிட்டுவிட்டேன். அவர் விழித்துக்கொண்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார்.

ஆகஸ்டில் தீவுக்கு வரலாம் என்று இருந்தேன். சின்னம்மாவுக்கு அறுவை சிகிச்சை நாள் குறித்திருக்கிறார்கள், வீட்டில் நான் இருந்தாக வேண்டும். கோபப்படாதே.

சனாயே


தீவு
20 செப்டம்பர் 1987

சனாயே,

புயல் வந்து போனது. பதினேழு நாள் கப்பல் இல்லை. கடையில் கடைசியாக மிஞ்சியது பூனை உணவும் ஷாம்பூவும்தான். கரும்பு சாய்ந்தது, ஆனால் ஒடியவில்லை. அது தானாக எழுந்துவிடும் என்கிறார் அப்பா. அவருடைய விரலைப் பற்றியும் இப்படித்தான் சொல்வார்.

நான் தினமும் பள்ளிக்கூட மைதானத்தை இருபது சுற்று ஓடிவிட்டு, ஊர்க் கூடத்தைத் திறந்து, கட்டாவை நாற்பது தடவை செய்கிறேன். மேடையைப் பார்த்து மூன்று குத்து வரும் இடம் இருக்கிறதே, இரண்டாவது குத்துக்கு அப்புறம் காலை அரை அடி பின்னால் இழுத்து மூச்சு வாங்கி மூன்றாவது குத்துவோமே, அது இப்போது அவ்வளவு அழகாக வருகிறது. நீ பார்த்தால் பொறாமைப்படுவாய். நாஹாக்காரர்கள் வாயைப் பிளக்கப் போகிறார்கள்.

உன் கடிதம் ஏன் மெலிந்துகொண்டே வருகிறது? ஏப்ரலில் மூன்று பக்கம், ஜூனில் ஒன்றரை, ஆகஸ்டில் படம் போட்ட அட்டை. அதிலும் பாதி இடத்தைப் படமே எடுத்துக்கொண்டது.

நீ இல்லாமல் இங்கே பொழுது போகவில்லை. எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதிவிட்டேன்.

இகுயோ


நாஹா
6 டிசம்பர் 1987

இகுயோ,

பரீட்சை நேரம், அதனால்தான் எழுதவில்லை. எல்லாம் நன்றாக இருக்கிறது. குளிர் ஆரம்பித்துவிட்டது. மார்ச் பதின்மூன்று என்று தேதி சொல்லியிருக்கிறார்கள். நீ நன்றாகச் செய்வாய், எனக்குத் தெரியும். ஜனவரியில் பள்ளி விண்ணப்பம் வாங்கத் தொடங்குவார்கள். மறந்துவிடாதே.

சனாயே


தீவு
27 டிசம்பர் 1987

சனாயே,

நேற்று கப்பலில் ஒரு மாதச் செய்தித்தாள் கட்டாக வந்தது. அம்மா மீனைச் சுத்தம் செய்ய ஒன்றை விரித்தாள். விளையாட்டுப் பக்கம். நவம்பர் தேர்வில் கறுப்பு பெல்ட் பெற்றவர்கள் என்று ஒரு பட்டியல், அதில் நான்காவதாக உன் பெயர்.

அதன் மேல் மீனை வைக்கப் போனாள். "அம்மா, வைக்காத" என்றேன். "ஏன்டீ, பேப்பர்தான?" என்றாள். வெளியே போய்விட்டேன்.

டிசம்பர் ஆறாம் தேதி எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறாய். குளிர் ஆரம்பித்ததைச் சொன்னாய். இதைச் சொல்லவில்லை.

நீ பெல்ட் வாங்கியது எனக்கு வருத்தமில்லை. இல்லை, வருத்தம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஏப்ரலிலிருந்து "மார்ச்சில் நாம்", "மார்ச்சில் நாம்" என்று சொல்லிச் சொல்லி ஒரு சாக்குப்பையோடு சண்டை போட்டிருக்கிறேனே, அந்த என்னை நினைத்தால் எனக்கே சிரிப்பாக வருகிறது. நீயும் மயுமியும்கூடச் சிரித்திருப்பீர்கள்.

பதில் எழுத வேண்டாம்.

இகுயோ


நாஹா
10 ஜனவரி 1988

இகுயோ,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். கிழித்துப் போடுவதானால் முழுவதும் படித்துவிட்டுக் கிழி. கடைசியில் உன் தேர்வுக்கு அவசியமான ஒரு விஷயம் இருக்கிறது.

அக்டோபரில் இங்கே மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "அந்தப் பொண்ணு மார்ச்ல வருவான்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமா?" என்று கேட்டார். "நாளைக்குச் சொல்றேன்" என்றேன். உன் ஒவ்வொரு கடிதத்திலும் அப்பாவின் விரல் மடங்கவில்லை. அதையெல்லாம் அடுக்கி வைத்துப் படித்தபோது, நீ வரவே மாட்டாயோ என்று பயந்துவிட்டேன். மற்ற எட்டுப் பேரும் பெயர் கொடுத்தார்கள். நானும் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தேன். பெல்ட்டைக் கையில் கொடுத்த அன்று எல்லாரும் படம் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு யாருக்குக் காட்டுவது என்று தெரியவில்லை. காட்ட வேண்டியவளிடம்தான் மறைத்துவிட்டேனே. நாங்கள் சிரிக்கவில்லை, இகுயோ. உன்னைப் பற்றி மயுமியிடம் நான் பேசியதே இல்லை. பேசினால் அழுதுவிடுவேன் என்று பயம்.

இப்போது அந்த விஷயம். இதைச் சொல்வதுதான் எனக்கு அதைவிடக் கஷ்டம்.

கட்டாவில் அந்த அரை அடி கிடையாது.

முதல் நாள் இங்கே செய்து காட்டியபோது, இரண்டாவது குத்துக்குப் பிறகு நான் பின்னால் போனேன், மற்ற எல்லாரும் முன்னால் போனார்கள். பக்கத்திலிருந்தவள் என் காலில் தடுக்கி விழுந்தாள். "அது என்ன, புதுசா?" என்றார் மாஸ்டர். "எங்க தீவுல இப்படித்தான்" என்றேன். அதிலிருந்துதான் நண்டு. படுத்தாலும் நின்றாலும் கால் பின்னாலேயே போனது, ஆறு மாதம் ஆயிற்று அதை மறக்க. யோசித்து யோசித்துப் பார்த்தேன். நம் ஊர்க் கூடம் நீளம் குறைவு. மூன்றாவது குத்துக்கு மேடை முட்டியில் இடிக்கும். அதற்காகப் பின்னால் போயிருக்கிறோம், வேறொன்றுமில்லை.

ஜூனிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஒன்பது வருடம் நீயும் நானும் சேர்ந்து செய்ததைத் தப்பு என்று உனக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. செப்டம்பரில் அது எவ்வளவு அழகாக வருகிறது என்று எழுதினாய். அதைப் படித்துவிட்டுக் கழிவறையில் போய் உட்கார்ந்துகொண்டேன். அதோடு தேர்வுக்கு வந்தால் உன்னை நிறுத்திவிடுவார்கள். இரண்டு மாதம் இருக்கிறது. என்னை என்ன வேண்டுமானாலும் திட்டிக்கொள். அந்த அரை அடியை மட்டும் விட்டுவிடு.

சனாயே


தீவு
4 பிப்ரவரி 1988

சனாயே,

உன் கடிதம் இருபது நாள் கடலில் ஆடிவிட்டு வந்து சேர்ந்தது. இரண்டு முறை படித்தேன். கிழிக்கவில்லை.

அன்று சாயங்காலமே கூடத்தைத் திறந்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, அரை அடி இழுக்காமல் கட்டாவைச் செய்தேன். மூன்றாவது குத்தில் முட்டி மேடையில் மோதியது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். வலியினால் மட்டுமில்லை. அந்த அரை அடியால்தான் கட்டாவை ஆரம்பித்த இடத்தில் முடிக்க முடியாமல் போயிருக்கிறது; அதற்காக மாஸ்டர் நம்மை எத்தனை தடவை திட்டியிருப்பார், நம் கால்தான் கோணல் என்று இரண்டு பேரும் எத்தனை நாள் அழுதிருப்போம்.

மறுநாள் மாஸ்டர் சர்க்கரை ஆலையில் இயந்திரத்துக்கு அடியில் படுத்திருந்தார். குனிந்து அவரிடம் கேட்டேன்.

"நீங்க ஆறு பேரும் வரிசையா மேடைல போய் முட்டிக்கிட்டீங்க" என்றார். "அதான் ஒரு நாள் கொஞ்சம் பின்னால இழுத்துக்குங்கன்னு சொன்னேன்."

"ஒரு நாளா, மாஸ்டர்?"

"சொன்னது ஒரு நாள்தான்."

வெளியே வந்து எழுந்து நின்றார். முகமெல்லாம் எண்ணெய். "எனக்கே மறந்துபோச்சு, இகுயோ. நானும் இப்ப அப்படித்தான் செய்யறேன்" என்றார். அந்தச் செய்தித்தாளைப் பார்த்ததிலிருந்து எனக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. இப்போது வகுப்பை ஆலை முற்றத்துக்கு மாற்றிவிட்டார். கரும்பு வண்டி எடை போடுகிற இடத்தில், வெல்லப் பாகு வாசனையில், மூக்கு ஒழுகிகள் எல்லாம் முன்னால் போகக் கற்கிறார்கள். நானும்தான். நாற்பது தடவைக்கு முப்பது தடவை கால் பின்னால் போகிறது. மாஸ்டருக்கு நாற்பதுக்கு நாற்பது.

உன்மேல் கோபம் போகவில்லை. பெல்ட்டுக்காக இல்லை. நான் வர மாட்டேன் என்று நீ முடிவு கட்டினாயே, அதற்கு.

நான் வருகிறேன். தேர்வு நாளான பதின்மூன்றாம் தேதிதான் எங்கள் வயலை வெட்டும் முறை. வீட்டுக்கு வீடு சேர்ந்து வெட்டுகிற வேலை, ஆலை கொடுத்த முறையை மாற்றினால் எல்லாருக்கும் தகராறு. அப்பா, "போயிட்டு வரட்டும், கரும்பு எங்கயும் ஓடிராது" என்றார். "ஓடாது, காஞ்சு நிக்கும்" என்றாள் அம்மா. ஆனால் மறுநாள் அவளே போய்ப் பக்கத்து வீட்டோடு முறையை மாற்றிக்கொண்டு வந்தாள். அதற்குப் பதிலாக நான் அவர்கள் வயலில் நான்கு நாள் கூடுதலாக வெட்ட வேண்டும். வெட்டிக்கொண்டிருக்கிறேன். கொப்புளத்தோடு எழுதுவதால்தான் கையெழுத்து இப்படி.

ஜோடிப் பயிற்சிக்கு எனக்கு எதிரே நின்று தாக்க ஒரு ஆள் வேண்டும். கறுப்பு பெல்ட்காரி நிற்கலாமாம், விசாரித்துவிட்டேன். சாக்கைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். அதனால் நீ நில்.

இகுயோ


நாஹா
19 பிப்ரவரி 1988

இகுயோ,

நிற்கிறேன். நிற்கிறேன். பத்துத் தடவை எழுதலாம் போல இருக்கிறது.

துறைமுகத்தில் காலை ஏழு மணியிலிருந்து இருப்பேன். கப்பல் தாமதமானாலும் நகர மாட்டேன். ஒரு விஷயம் மட்டும் மறுபடியும் கேட்கிறேன். பள்ளி விண்ணப்பம் அனுப்பினாயா? கடைசித் தேதி போய்விட்டது. மற்றதற்கெல்லாம் பதில் எழுதுகிறாய், இதற்கு மட்டும் எழுதவே இல்லையே.

சனாயே


கப்பலில்
15 மார்ச் 1988

சனாயே,

அலை குறைவு, எழுத முடிகிறது. தீவில் இறங்கியதும் இதே கப்பலில் இந்தக் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன். மூன்று நாளில் உன் கையில் இருக்கும்.

உன்னிடம் நேரில் சொல்லாததைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் நேற்று முன்தினத்தை ஒருமுறை எழுதிப் பார்த்துக்கொள்கிறேன். நீயும் அங்கேதான் இருந்தாய், ஆனாலும் எழுத ஆசையாக இருக்கிறது.

இரண்டாவது குத்து முடிந்ததும் என் கால் பின்னால் போகப் பார்த்தது. சுவரோரம் நீ கண்ணை மூடிக்கொண்டாய், நான் பார்த்தேன். பார்த்ததால்தான் கால் முன்னால் போனது. அது உனக்குத் தெரியாது. அப்புறம் ஜோடிப் பயிற்சிக்கு எதிரே வந்து நின்றாய். ஒரு வருடத்துக்குப் பிறகு அவ்வளவு கிட்டத்தில் உன் முகம். உயரமாகிவிட்டாய். நீ குத்தினாய், அது என் நெஞ்சுக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிட்டது. அடுத்ததும் அப்படியே. "எட்டாத குத்தை அந்தப் பொண்ணு எதுக்குத் தடுக்கணும்?" என்று நடுவர் கேட்டார். மூன்றாவதும் அப்படியே வந்தால் என்னை நிறுத்திவிடுவார்கள் என்று தெரிந்தும் உன்னால் முடியவில்லை.

நான் உதட்டை அசைக்காமல், "அடிடீ, எனக்கு இன்னும் உன்மேல கோபம் போகல" என்றேன். அப்போதுதான் அடித்தாய். அடேயப்பா. தடுத்த கை தோள்வரைக்கும் மரத்துப்போனது. ஒரு வருடம் திருப்பி அடிக்காத சாக்கை அடித்துவிட்டு அப்படி ஒரு அடி வாங்கியது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? தேறியவர்களில் என் பெயரைப் படித்தபோதுகூட அவ்வளவு சந்தோஷம் இல்லை. கோபம் அந்த இடத்திலேயே போய்விட்டது.

பள்ளிக்கு நான் விண்ணப்பம் அனுப்பவில்லை.

அப்பாவின் விரல் இனி மடங்காது. மருத்துவர் அதை நவம்பரிலேயே சொல்லிவிட்டார். தம்பிக்கு ஒன்பது வயது. அம்மாவால் தனியாக அந்த வயலைப் பார்க்க முடியாது. என்னை யாரும் இருக்கச் சொல்லவில்லை. "நீ போ" என்றுதான் அப்பா மூன்று நாள் சத்தம் போட்டார். விண்ணப்பத்தை நான்தான் எடுத்து வைத்துவிட்டேன். நான் வர மாட்டேன் என்று நீ அக்டோபரில் பயந்தது சரிதான், சனாயே. உன்னோடு அவ்வளவு சண்டை போட்டேனே, எனக்கே ஒப்புக்கொள்ள மனமில்லாததை நீ முதலில் நினைத்துவிட்டாய் என்பதற்குத்தான். இந்தத் தேர்வுக்கு நான் அப்படி அடம்பிடித்ததும் பெல்ட்டுக்காக இல்லை. இன்னும் ஒரே ஒரு தடவை உன் எதிரே நிற்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

மாதக் கடைசியில் பள்ளியில் மீதி இடங்களுக்கு இன்னொரு தேர்வு வைக்கிறார்கள், அதை எழுதுகிறேன் என்று உன்னிடம் சொன்னேன். பொய். இரண்டு ராத்திரி உன்னோடு அழாமல் இருக்க ஆசைப்பட்டேன்.

சின்னம்மா வீட்டு மாடி அறையைத் திறந்து காட்டினாய். உன் படுக்கை சுவரோரம், அலமாரியை ஒட்டி, காற்றே வராத மூலையில் கிடந்தது. ஜன்னல் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. அங்கே தரையில் பதித்த பாய் மட்டும் புதிதாக இருந்தது, ஒருநாள்கூட யாரும் படுக்காத மாதிரி. "இது யாருக்கு?" என்று கேட்டேன். "லூசு, உனக்குத்தான்" என்றாய். "போன ஏப்ரல்லேருந்து சும்மாதான் கெடக்கு."

துறைமுகத்தில் மறுபடியும், "அப்ப ஜன்னல் பக்கம்தான?" என்று கேட்டாய். "ஜன்னல் பக்கம்தான்" என்று சொல்லிவிட்டுக் கப்பலில் ஏறிவிட்டேன். என்னுடையது என்று அந்த இடத்தை ஒருமுறை வாயால் சொல்லிப் பார்க்க ஆசையாக இருந்தது. மன்னித்துக்கொள்.

நாஹாவில் மே மாதத்திலேயே புழுங்கும் என்று சொன்னாய். இனிமேல் ஜன்னல் பக்கம் நீ படுத்துக்கொள்.

இகுயோ